உப்பு வீடு

இருமல் வந்தால் கையிலிருக்கும் படத்தை அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வார்டில் நாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான். மீதிச் சட்டமெல்லாம் ஆசுபத்திரிக்காரர்கள் போட்டது. எழுந்து நடமாடக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது, தைக்கக்கூடாது, முடையக்கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது. காசம் என்கிற நெஞ்சுச் சீக்குக்கு அப்போது பெரிய மருந்தே படுத்துக் கிடப்பதுதான். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கிற வரைக்கும் கை ஓயாத பெண்டுகளைப் பிடித்து, சும்மா கிட என்று சொல்லிப் பாருங்கள். வந்த புதிதில் நான் என் கையைப் பார்த்துப் பார்த்தே அழுதேன். யாருடைய கையோ போல அது போர்வைமேல் கிடந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்ட பிறகு, நாங்கள் தமிழ்நாட்டோடு வந்து சேர்வதற்கு முந்தின காலம் அது. வெளியே ஊரெல்லாம் யாரோடு சேர்வது என்றே பேச்சு. உள்ளே எங்களுக்கு, வீட்டோடு திரும்பச் சேர்வோமா என்பதே பேச்சு. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல் நடுவே என் ஊர். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது இருமல் தொடங்கியது. கல்யாணப் பேச்சு நின்றது, இருமல் நிற்கவில்லை. அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றி மேற்கே கொண்டுவந்து அந்த வார்டில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று அவருக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். மளிகைப் பொட்டலம் கட்டி வரும் தாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ, புத்தக வார்த்தையைவிட வாய் வார்த்தைமேல்தான் எனக்குப் பிரியம். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது மனதில் ஒட்டிக்கொள்ளும். அந்த வார்டில் கிடந்தவர்களின் பேச்சு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதைக் கேட்க இப்போது என்னைத் தவிர யாருமில்லை.

நீளமான ஓட்டுக் கட்டடம். இரண்டு வரிசைக் கட்டில். மேற்குப் பக்கம் வராந்தா. அதைத் தாண்டிக் கொஞ்சம் மணல், பிறகு இடுப்புயரச் செடிவேலி. பார்க்க வருகிறவர்கள் வேலிக்கு அந்தப்புறம் நின்றுதான் பேச வேண்டும். எனக்கு வலப்பக்கம் கோட்டாற்று உம்மா. பேரன் பேத்தி எடுத்தவர், யாரைப் பார்த்தாலும் மகளாக நினைத்து 'மோளே' என்றுதான் வாய் திறப்பார். எதிர்க் கட்டிலில் தக்கலைக்காரி. அவள் புருஷனுக்கு அங்கே பலசரக்குக் கடை. கடைக்கு வருகிறவர்களிடம் வாயாடி வாயாடி அவளுக்கு நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. எனக்கு இடப்பக்கம் இனயத்துக்காரி. இந்தக் கதை அவளுடையது.

கடற்கரைக்காரி. புருஷன் கட்டுமரம் கொண்டு போகிறவன். அவள் வார்டுக்கு வரும்போது பெண்குழந்தைக்குப் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். இப்போது அது ஓடி ஆடுகிறது, வாய் நிறையப் பேசுகிறது என்று புருஷன் வந்து சொல்வான். குழந்தைகளைக் காம்பவுண்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். விட்டாலும் மாமியார் அனுப்பமாட்டாள். காற்றில் சீக்கு வரும் என்று அவளுக்குப் பயம்.

"சாவுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எனக்க பிள்ளைக்கு எனக்க மூஞ்சி மறந்து போவும். அதாக்கும் நெஞ்சுல கெடந்து குத்துது. சீக்கு குத்தல்ல, இது வேற."

சீக்குக் குத்துக்கும் இந்தக் குத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

படங்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். எங்கள் சிஸ்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாளம்தான் பேசுவார், எங்களுக்குப் புரியும். ஒரு நாள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். உள்ளே முழுக்கக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். சீமையில் யார் யாருக்கோ வந்தவை, வேலை முடிந்த பிறகு கப்பலேறி இங்கே வந்துவிட்டன. எழுத்து இருந்த பாதியை வெட்டி எடுத்துவிட்டு, படம் உள்ள பாதியை மட்டும் விட்டிருந்தார்கள். "நோக்கிக் கிடந்நோ" என்றார் சிஸ்டர். பார்த்துக்கொண்டு கிடங்கள் என்று.

பார்த்துக்கொண்டு கிடக்கத்தான் நினைத்தோம். முதல் அட்டையில் குதிரை வண்டி. மேலே உயரத் தொப்பி வைத்த ஆட்கள்.

"இதாரு மோளே, தலையில பானையக் கவுத்துக்கிட்டு?" என்றார் உம்மா.

"கலியாண வீட்டுக்குத் தயிரு கொண்டு போறானுவ," என்றாள் தக்கலைக்காரி, படத்தைப் பார்க்காமலே. "வெயிலு தாங்காம பானையத் தலையில போட்டுக்கிட்டானுவ."

"அப்போ தயிரு எங்க?" என்றாள் இனயத்துக்காரி.

"தயிரு வயித்துல. மூஞ்சியப் பாத்தா தெரியல்லியா?"

தயிர் இல்லாமல் அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லி முடிக்க எங்களுக்குப் பல சாயங்காலங்கள் ஆயின. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவள் சொல்வாள். முன்னே சொன்னவள் சொன்னதைப் பின்னே சொல்பவள் இல்லை என்று ஆக்கக்கூடாது. இருமல் வந்தால் அட்டை கைமாறும். மாப்பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வது என்று தெரியாதபோது தக்கலைக்காரி வேண்டுமென்றே இருமிவிட்டு அட்டையை நீட்டுவாள். "கள்ள இருமல், கள்ள இருமல்" என்று வரிசையே கத்தும். சிஸ்டர் ஓடிவந்து உதட்டில் விரல் வைப்பார். அவர் போன பிறகு நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அட்டை இனயத்துக்காரி கைக்கு வந்தது.

தரையெல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு சின்ன வீடு. கதவு சாத்தியிருக்கிறது, சன்னலில் மஞ்சள் வெளிச்சம். கதவுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை கையைத் தூக்கி நிற்கிறாள். அவளுக்கு முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. பக்கத்தில் வேலிக் கம்பில் ஒரு குருவி.

இனயத்துக்காரி அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "உப்பளம்" என்றாள்.

"வெள்ளையாக் கெடந்தா உப்பளமா?" என்றாள் தக்கலைக்காரி. "சுண்ணாம்பா இருக்கும்."

"சுண்ணாம்புல பிள்ளை நிக்குமாட்டி? கால் வெந்து போவாதா?"

"பாரு, வெந்துதான் கெடக்கு."

எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். உண்மைதான். பிள்ளையின் கால் முழங்கால் வரை சிவந்து கிடந்தது. அது சிவப்புத் தோலில் செய்து காலில் மாட்டுவது என்று எனக்குத் தெரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எங்களில் காலுக்குச் செருப்புப் போட்டு நடந்தவள்கூட ஒருத்தி கிடையாது.

"பஞ்சு போலல்லா இருக்கு?" என்றார் உம்மா. கோட்டாற்றில் நெசவுத் தெருவுக்குப் பக்கத்தில் அவர் வீடு.

"பஞ்சுன்னா காலு செவக்காது உம்மா. உப்புதான். உப்புல நின்னு வேலை செஞ்சா காலத் தின்னுரும். எனக்க அம்மைக்க காலப் பாத்திருந்தா நீங்க இப்பிடிக் கேக்கமாட்டிய."

சிஸ்டர் மருந்துத் தட்டோடு போனவர் நின்று எட்டிப் பார்த்தார். "அய்யோ, உப்பு அல்ல. மஞ்ஞாணு. ஆகாசத்துந்நு வீழும்" என்றார். பனி, வானத்திலிருந்து விழுவது என்கிறார்.

"ஆகாசத்துல இருந்து விழுந்தா அது மழைல்லா சிஸ்டர்? மழை இப்பிடிக் குமிஞ்சா கெடக்கும்? நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்டாள் தக்கலைக்காரி.

சிஸ்டர் சிரித்துவிட்டார். பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அங்கே யாருமில்லை என்பதால் ஓட்டு உப்புக்கே விழுந்தது.

அப்புறம் யாரோ குருவியைக் காட்டினார்கள். அதன் நெஞ்சு முழுக்கச் சிவப்பு. எங்களில் ஒவ்வொருத்தியும் தன் சேலை முந்தானையில் என்றைக்கோ பார்த்த சிவப்பு அது. "பாவம்," என்றாள் தக்கலைக்காரி. "அதுக்கும் நம்ம சீக்குதான்." பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். சிரிப்பு இருமலாயிற்று. ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லாமலே அட்டை கட்டில் கட்டிலாகக் கைமாறிக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் கதை தொடங்கியது. அந்தப் பிள்ளை நெருப்பு வாங்க வந்தவள் என்றார் உம்மா. வழி தப்பி வந்தவள் என்றாள் வேறொருத்தி. இனயத்துக்காரி அட்டையைக் கையில் வாங்கினாள்.

"வழியெல்லாம் தப்பல்ல. அவளுக்க வீடுதான். உள்ள இருக்கியது அவளுக்க அம்மை."

"சொந்த வீடுன்னா கதவு ஏன் சாத்திக் கெடக்கு?" தக்கலைக்காரி விடவில்லை.

"அம்மைக்க கை முழுக்க உப்பு. தொட்டா பிள்ளைக்கு எரியும். கை கழுவிட்டுத்தான் கதவத் தொறப்பா."

அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. தக்கலைக்காரிகூட.

அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு உப்பு வீடுதான். கை கழுவ வேண்டும், கிணற்றிலோ உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு ரொம்ப தூரம் போக வேண்டும். உம்மா மழையைப் பெய்யவைத்தார். "வீடும் உப்புலதான கெட்டினது? மழையில கரஞ்சு போவாதா?" என்றாள் தக்கலைக்காரி. "வாய மூடுட்டி சவமே" என்று இனயத்துக்காரி தலையணையைத் தூக்கி எறியப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு ஓடு போட்டது நான். சுவருக்குச் சாந்து பூசியது வேறொருத்தி. கதவை மட்டும் திறக்க யாரையும் இனயத்துக்காரி விடவில்லை. திறப்பது தன் வேலை என்று வைத்திருந்தாள். நல்லபடியாகித் தான் வீட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் திறப்பாளாம்.

ஒரு நாள் அவள் புருஷன் வந்தான். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. வேலிக்கு அந்தப்புறம் நின்று குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன், யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டான்.

"அது இப்பம் எனக்க தங்கச்சியத்தான் அம்மைன்னு விளிக்குது. அம்மை எங்கன்னு கேட்டா அவளத் தொட்டுக் காட்டும்."

தங்கச்சி பாசமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லத்தான் அவன் நினைத்தான். இனயத்துக்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டிலுக்கு வந்து சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தாள். அன்று கஞ்சி எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

"ஒனக்க போட்டோ ஒண்ணும் வீட்டுல இல்லியா மோளே?" என்று உம்மா கேட்டார்.

"கலியாணத்துக்கே எடுக்கல்ல."

"போட்டோக்காரன் நாகர்கோயில்ல இருக்கான்," என்றாள் தக்கலைக்காரி. "இஞ்ச விளிச்சா வேலி வரைக்கும் வருவான். நம்மள ஒரு பார்வை பாத்தான்னா, பெட்டியப் போட்டுட்டு ஓடிருவான்."

யாருக்கு முதலில் தோன்றியது என்று எனக்கு நினைவில்லை. எங்கள் கதையெல்லாம் அப்படித்தான், யார் தொடங்கினாள் யார் முடித்தாள் என்று பிரிக்க முடியாது. போட்டோ இல்லையென்றால் என்ன, உப்பு வீடு இருக்கிறதே, அதைக் கொடுத்தனுப்பி, அம்மை இதற்குள்தான் இருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொல்லச் சொன்னால் என்ன? இனயத்துக்காரி எழுந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை.

சிஸ்டர் அட்டையை மருந்துத் துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுத்தார். புருஷன் வந்தபோது சேதி சொல்ல அவளுக்குச் சத்தம் வரவில்லை. எங்களில் என் தொண்டைதான் கொஞ்சம் உருப்படியாக இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து நான்தான் கத்திச் சொன்னேன்.

"அண்ணே, இது உப்பு வீடு! பிள்ளைக்க அம்மை உள்ள இருக்கா! கை கழுவிட்டு வருவாண்ணு சொல்லணும்!"

அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டி, மனப்பாடம் செய்கிறவன் போல வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்து, சிஸ்டர் நீட்டிய அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த தடவை அவன் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளை அட்டையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறதாம். விடிந்து கண் விழித்ததும் முதல் கேள்வி, "அம்மை கை கழுவியாச்சா?" என்பதாம். தங்கச்சியை இப்போது அம்மை என்று கூப்பிடுவதில்லையாம், மாமி என்கிறதாம். அதைக் கேட்டு இனயத்துக்காரி அழுதாள், சிரித்தாள், அன்றைக்குக் கொடுத்த முட்டையையும் பாலையும் மிச்சம் வைக்காமல் உள்ளே தள்ளினாள். வார்டு மொத்தமும் சேர்ந்து ஒரு பிள்ளை பெற்றது போல இருந்தது எங்களுக்கு.

அதோடு விட்டிருக்கலாம். விட யாருக்கு மனம் வரும்? அவன் வரும்போதெல்லாம் அடுத்த பகுதியை நான் கத்திச் சொல்வேன். பிள்ளை நிறையக் கேட்கிறது என்று அவனும் வந்து நிற்பான். அம்மை என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று பிள்ளை கேட்டதாம், சிவப்புச் சேலை என்று சொல்லி அனுப்பினோம். அம்மை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதாம், மீனும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டு நன்றாகக் கொழுத்திருக்கிறாள் என்று தக்கலைக்காரி சொன்னாள். முடி முழங்கால் வரைக்கும் வளர்ந்து கிடக்கிறது, வாரிவிட ஆளில்லை என்று உம்மா சேர்த்தார். பிள்ளை வந்து வாரிவிடட்டும் என்றாள் இனயத்துக்காரி.

இதெல்லாம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுக்கு உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. சீக்குப் பிடித்த நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கட்டும் என்று விலாவில் ஊசி குத்திக் காற்று ஏற்றிப் பார்த்தார்கள், ஏறவில்லை. காய்ச்சலில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதால் ஒட்ட வெட்டிவிட்டார்கள். கன்னம் உள்ளே போய்ப் பல் முன்னால் வந்துவிட்டது. புதிதாக ஒரு மருந்து வந்திருப்பதாகவும், அதைக் குத்தினால் நெஞ்சுச் சீக்கு நிற்கும் என்றும் பேச்சாக இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் மாறியது எங்களுக்குச் சரியாகத் தெரியவுமில்லை. அங்கே கதையில் அவள் கொழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவளே சொன்னாள். "இனி நாளக் கடத்தாண்டாம். எனக்குப் பிள்ளையப் பாக்கணும்."

சிஸ்டர் பெரிய டாக்டரிடம் பேசி அனுமதி வாங்கினார். வேலிக்கு அந்தப்புறம், கொஞ்ச நேரம்தான். மாமியாரைப் புருஷன் எப்படிச் சம்மதிக்கவைத்தானோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெயில் ஏறுவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து வராந்தா விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். உம்மா தன்னுடைய நல்ல வெள்ளைத் துணி ஒன்றை அவள் தலையில் சுற்றிவிட்டிருந்தார், வெட்டிய முடி தெரியாமலிருக்க. நாங்கள் எல்லாரும் பின்னால். படுத்தே கிடக்கவேண்டிய ஒன்றிரண்டு பேர்கூட அன்றைக்கு எழுந்து வந்துவிட்டார்கள்.

பிள்ளை அப்பன் தோளில் இருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பூப்போட்ட சட்டை, கையில் அந்த அட்டை. விளிம்பெல்லாம் தேய்ந்து மடங்கியிருந்தது. வேலிக்கு மேலே எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தது.

"அந்தா பாரு, அம்மை" என்றான் அப்பன்.

பிள்ளை பார்த்தது. அட்டையைப் பார்த்தது. மறுபடியும் இவளைப் பார்த்தது.

"இல்ல" என்றது.

"அம்மைதாம் மக்கா. விளி."

"அம்மைக்கு நெறைய முடி உண்டும். இது வேற ஆளு." பிறகு, எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது இவள்தான் என்பதால் இவளிடமே கேட்டது. "எங்க அம்மை கை கழுவியாச்சா?"

அவனுக்குத் தாங்க முடியவில்லை. பிள்ளையைப் பிடித்து உலுக்கினான். "இதுதான் ஒனக்க அம்மை! அம்மைன்னு விளி! விளிக்கியா இல்லியா?" பிள்ளை வீறிட்டு அழுது அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இனயத்துக்காரி கையை உயர்த்தினாள். சத்தமே இல்லாத அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாளோ.

"விடும். பிள்ளையப் பேடிப்படுத்தாண்டாம், பயப்படுது." பிறகு, பிள்ளையிடம்: "அம்மை கழுவிட்டு இருக்கா மக்கா. இப்பம் வருவா."

அழுகை கொஞ்சம் நின்றது. ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. "நீங்க ஆரு?"

"நானா? நான் அம்மைக்க பக்கத்து வீடு."

"அம்மைகிட்ட பறயணும், நான் வந்தேன்னு."

"பறயிலாம் மக்கா."

சிஸ்டர் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அவர்தான் முதலில் உள்ளே போய்விட்டார். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் தோளுக்கு மேலாக அது எங்களுக்குக் கை ஆட்டிக்கொண்டே போனது. எங்களுக்கு என்றா சொல்வது, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆட்டியது. அவளும் ரோடு திரும்புகிற வரைக்கும் கை ஆட்டினாள்.

கட்டிலுக்கு வந்த பிறகு உம்மா அவள் காலைத் தடவிக்கொண்டு, "சின்னப் பிள்ளைல்லா மோளே, அதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். தக்கலைக்காரி தன் தலையில் அடித்துக்கொண்டாள். "முடி வளத்தது நாமதான். கொழுக்கவச்சது நான்தான். எனக்க நாக்கு அழுவிப் போவும்."

"சும்மா இரிட்டி," என்றாள் இனயத்துக்காரி. "பிள்ளைக்கு அம்மை உண்டுல்லா. அது போரும்."

போதும் என்று சொன்னவளின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் சிஸ்டர் டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார். யாராவது ஒருத்தி ஒரு அட்டையை எடுப்பாள். மணி இருக்கும், மெழுகுவர்த்தி இருக்கும், நாய்க்குட்டி இருக்கும். நாய்க்குட்டியைப் பார்த்தால் அது நாய்க்குட்டி, அவ்வளவுதான். மேற்கொண்டு ஒருத்திக்கும் வாய் வராது. அட்டை வரிசை முழுக்கச் சுற்றிவிட்டு டப்பாவுக்குள் போய்விடும். கொஞ்ச நாளில் டப்பாவும் வருவது நின்றுவிட்டது.

அவள் ஒரு விடியற்காலையில் போனாள். கஞ்சி வருவதற்கு முன்னால். பக்கத்துக் கட்டிலில் நான் விழித்துத்தான் கிடந்தேன், இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவள் இருமவில்லையே என்று நிம்மதியாகக் கிடந்திருக்கிறேன்.

மதியத்துக்குள் புருஷனும் அவள் அண்ணன்மாரும் வந்துவிட்டார்கள். வண்டி வேலிக்கு வெளியே நின்றது. அவளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்கள். அண்ணன்மார் ஏறிக்கொண்டார்கள். அவன் மட்டும் ஏறவில்லை. திரும்பி வேலிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றான். வராந்தாவில் நானும் உம்மாவும் தக்கலைக்காரியும் இருந்தோம். அவன் என்னைத்தான் பார்த்தான். சேதியெல்லாம் கத்திச் சொன்னவள் நான்தானே.

"பிள்ளே," என்றான். "நாளைக்குக் காலையில எழும்பினா அது கேக்கும். என்னத்தச் சொல்ல?"

நான் வாயைத் திறந்தேன்.

"அம்மை செத்துப் போச்சுன்னு சொன்னா நம்பாது. இண்ணைக்கு இந்த மூஞ்சியக் காட்டினா, பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லும். அதுக்கு அழவும் தெரியாது." அவன் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன தடவைகளில் எப்படிக் கேட்டானோ அப்படியே, மனப்பாடம் செய்யத் தயாராக, கேட்டான். "நீங்கதானே எல்லாம் சொல்லித் தந்தது? இதுக்கு மேல என்னன்னு சொல்லுங்க. நான் போய்ச் சொல்லுவேன்."

உம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தக்கலைக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்ததெல்லாம் கதையாகவே வந்தது. நல்ல தண்ணீர் எடுக்க ரொம்ப தூரம் போயிருக்கிறாள் என்று வந்தது. திரும்பி வர நாளாகும் என்று வந்தது. இன்னொரு பொய்யை அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைக்க என்னால் முடியவில்லை. உண்மையை எப்படிக் கத்திச் சொல்வது என்றும் தெரியவில்லை. வேலிக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்த அந்த மணலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் காத்திருந்தான். வண்டியிலிருந்து அண்ணன்மாரில் ஒருவன் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அவன் நான் பதில் சொல்லிவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

அந்த மருந்து பிறகு வந்தது. எனக்குக் கிடைத்தது. நான் பிழைத்து ஊர் திரும்பினேன். அவளைக் கொண்டுபோன மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எழுந்து கேட்டிருக்கும். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.